மகள் பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுதப் போகிறேன் என்கிறாளா? கடன் வாங்குமுன் படியுங்கள்

கேள்வி: மகள் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இங்கிலாந்து போய் காமிக்ஸ் கதை எழுத வேண்டும், அறிவியல் புனைகதை இதழில் எடிட்டர் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமா?

அம்மா, பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அவளுடைய ஆசை தப்பு என்று சொல்லவில்லை. ஒரே மூச்சில் அவள் இரண்டு வேலைகளைச் சொல்கிறாள். எழுதுவது ஒன்று, எடிட் செய்வது இன்னொன்று. முதல் வேலைக்கு விசாவே வேண்டாம். உங்கள் ஊரிலிருந்தே கதை அனுப்பலாம், கதை பிடித்தால் எடிட்டர் முகவரியைப் பார்த்து மறுப்பதில்லை. இரண்டாவது வேலைக்குத்தான் அங்கே இருந்தாக வேண்டும், அதற்கான கதவோ இப்போது மிகவும் குறுகலாகிவிட்டது.

இந்தத் தொழில் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, லண்டனின் வேலியன்ட் வார இதழில் 1962இல் தொடங்கிய கதை. அதை முதலில் எழுதிய கென் புல்மர் அறிவியல் புனைகதை நாவலாசிரியர். பின்னாளில் அந்தத் துறையில் ஒரு தொகுப்பு வரிசைக்கு எடிட்டராகவும் இருந்தார். எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் 17 வயதில் டார்ஜான் அட்வெஞ்சர்ஸ் என்ற சிறுவர் இதழை எடிட் செய்தவர். 1964இல் நியூ வேர்ல்ட்ஸ் என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் ஆனபோது அவருக்கு வயது 24. அங்கே காமிக்ஸும் அறிவியல் புனைகதையும் ஒரே தெருவில் இருந்த இரண்டு கடைகள். ஒன்றில் தொழில் பழகியவர்கள் மற்றொன்றிலும் வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்தில் வாரந்தோறும் பல இதழ்கள் வந்தன, ஆட்களும் நிறைய தேவைப்பட்டார்கள். இப்போது இதழ்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

அவள் பெயர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய இதழ்கள் இவை. 1977 பிப்ரவரியில் தொடங்கிய 2000 ஏடி என்ற அறிவியல் புனைகதை காமிக்ஸ் வார இதழ், இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. டண்டீ நகரின் டி.சி. தாம்சன் 1938 முதல் பீனோ என்ற சிறுவர் காமிக்ஸையும் 1961 முதல் கமாண்டோ என்ற போர்க்கதைப் புத்தகங்களையும் வெளியிடுகிறது. சிறுவர்களுக்கான தி ஃபீனிக்ஸ் 2012இல் வந்தது. உரைநடைச் சிறுகதைக்கு 1982இல் தொடங்கிய இன்டர்ஸோன், எடின்பரோவிலிருந்து வந்த ஷோர்லைன் ஆஃப் இன்ஃபினிட்டி. இவற்றின் எடிட்டோரியல் அறைகளில் இருக்கும் நாற்காலிகளைக் கூட்டினால் நம்மூர் வங்கிக் கிளைகள் சிலவற்றின் ஊழியர் எண்ணிக்கைதான் வரும். இன்டர்ஸோன் போன்ற சிறு இதழ்களில் எடிட்டரே வேறு வேலையும் பார்ப்பது சாதாரணம்.

விசாக் கணக்குக்கு வருவோம். அங்கே மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனால் சுயதொழில் கூடாது. ஃப்ரீலான்ஸாகக் கதை விற்பது சுயதொழில் கணக்கில்தான் வரும். அதாவது காமிக்ஸ் எழுதப் போன பிள்ளை, படிக்கும் வருடத்தில் அங்கே இருந்துகொண்டு காமிக்ஸ் எழுதிச் சம்பாதிக்க முடியாது! இதைச் சேர்க்கை ஏஜென்ட் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார். படிப்பு முடிந்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவில் சுயதொழில் செய்யலாம். 2 வருடமாக இருந்த அந்த விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதம் மட்டுமே. அதற்குமேல் தங்க ஸ்கில்டு வொர்க்கர் விசா, அதாவது திறன் சார்ந்த வேலைக்கான விசா வேண்டும். 2025 ஜூலையில் அதற்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கான சலுகை வரம்பே 33,400. பதிப்புத் துறையில் எடிட்டோரியல் அசிஸ்டென்ட் வேலை பெரும்பாலும் 30,000க்குக் கீழேதான் தொடங்கும். வேலை கிடைத்தாலும் விசா கிடைக்காமல் போவது இந்த இடைவெளியில்தான். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் மாதத்தில் பிரிட்டிஷ் அரசின் பக்கத்தையே பாருங்கள்.

ஆகவே இப்போதைக்கு எழுத்து. அதுவும் நாலு பக்கத்தில்.

2000 ஏடியில் ஃபியூச்சர் ஷாக் என்று ஒரு வகை உண்டு. நாலே பக்கம், ஒரே கதை, கடைசியில் ஒரு திருப்பம். பின்னாளில் புகழ்பெற்ற காமிக்ஸ் எழுத்தாளர்களான ஆலன் மூர், நீல் கெய்மன், கிராண்ட் மாரிசன் மூவரும் அந்த இதழில் ஆரம்ப நாட்களில் எழுதியது இதைத்தான். இதழ் புதியவர்களிடம் இதைக் கேட்பதில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஒரு தொடர் 10 வாரம், வாரத்துக்கு 5 பக்கம் என்றால் 50 பக்கம். ஓவியர் வண்ணத்தோடு வாரம் 5 பக்கம் முடிப்பதே கஷ்டம். அதனால் எடிட்டர் பல மாதம் முன்கூட்டியே ஸ்கிரிப்ட் வாங்கித் திட்டமிடுகிறார். அப்படியும் ஒரு தொடர் முடிந்து அடுத்தது தயாராகாத வாரம் வரும். அந்த ஓட்டையை அடைப்பது கையிருப்பில் உள்ள ஒற்றைக் கதைகள். புதியவர் நுழையும் இடமும் அதுவே. முகம் தெரியாதவர் அனுப்பும் 20 பாகத் தொடரை யாரும் படிக்கப் போவதில்லை.

ஸ்கிரிப்ட் எழுதும் முறை எளிது, செய்வது கடினம். பக்க எண், பேனல் (படக்கட்டம்) எண், அந்தப் பேனலில் கண்ணுக்குத் தெரிவது என்ன, பிறகு யார் என்ன பேசுகிறார். பக்கத்துக்கு 5 அல்லது 6 பேனல். ஒரு பேனலில் 35 சொல்லுக்குமேல் வேண்டாம் என்பது பழைய அமெரிக்க எடிட்டர் ஒருவரின் கணக்கு, இன்றும் செல்லுபடியாகிறது. அதற்குமேல் போனால் பலூன், அதாவது வசனம் எழுதும் குமிழி, படத்தை மறைத்துவிடும். அப்படிப் பார்த்தால் நாலு பக்கத்துக்கும் சேர்த்து 840 சொல்தான் உச்சவரம்பு, நல்ல கதைகள் அதில் பாதியில் முடியும்.

புதியவர்களின் ஸ்கிரிப்ட் திரும்பி வரும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான். 'கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்து அழுகிறாள்' என்று ஒரே பேனலில் எழுதுவார்கள். படம் அசையாது, ஒரு பேனலுக்கு ஒரு கணம்தான். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும், பலூன்களை இடமிருந்து வலமாகப் படிப்பதால். மாற்றி நிறுத்தினால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். பாத்திரத்தின் மனவோட்டத்தை விவரிப்பதும் வீண், ஓவியரால் வரைய முடிந்ததை மட்டும் எழுத வேண்டும். திருப்பம் என்று நினைத்து 'எல்லாம் கனவு', 'அந்தக் கிரகமே பூமிதான்' என்று முடிப்பது மன்னிக்க முடியாத குற்றம். எடிட்டர் அதை ஆயிரம் முறை பார்த்திருப்பார். திருப்பத்துக்கான தடயம் முதல் பக்கத்திலேயே கண்ணெதிரே கிடக்க வேண்டும், வாசகர் திரும்பிப் போய்ப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும்படி.

கமாண்டோ வேறு மாதிரி. ஒரு புத்தகம் 63 பக்கம், பக்கத்துக்கு 2 அல்லது 3 பேனல். முழு ஸ்கிரிப்ட் எழுதுமுன் கதைச் சுருக்கத்தை அனுப்பி எடிட்டரின் சம்மதம் வாங்க வேண்டும். துப்பாக்கி, சீருடை, ரெஜிமென்ட் எதிலும் பிழை கூடாது.

சிறுகதை இதழ்களுக்கு அனுப்பும்போது விதிமுறையை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். சொல் வரம்பைத் தாண்டினாலோ, ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது என்ற இடத்தில் அனுப்பினாலோ, ஏஐ எழுதிய கதையைக் கொடுத்தாலோ கதவு மூடிவிடும். பல இதழ்கள் வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே கதைகளை ஏற்கும், பதில் வர மாதக்கணக்காகும். ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்ததை எழுத உட்கார்வதே வழக்கமாக வேண்டும்.

இதில் வயிறு நிறையுமா என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் நிறையாது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் அலஸ்டர் ரெனால்ட்ஸின் முதல் கதை இன்டர்ஸோனில் வந்தது 1990இல். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தில் வானியலாளர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத அவர் வந்தது 2004இல். நடுவில் 14 வருடம், அதில் பெரும்பகுதியும் வேறு வேலையிலிருந்து சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஊரை விட்டுத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. இந்திய எழுத்தாளர் லாவண்யா லட்சுமிநாராயண் எழுதிய நாவலை ரெபெல்லியனின் சோலாரிஸ் பிரிவு 2023இல் வெளியிட்டது, அடுத்த வருடம் அது அறிவியல் புனைகதைக்கான ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலுக்கும் போனது.

பட்டப்படிப்பு முடிவதற்குள் நாலு பக்க ஸ்கிரிப்ட் எட்டும் சிறுகதை ஆறும் எழுதி முடிக்கட்டும். கூடவே இங்கே சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பதிப்பகத்தில் காப்பி எடிட்டிங் பழகட்டும், அந்தத் திறமைக்கு இங்கேயே சம்பளம் உண்டு. கை நேர்த்தி இருந்தால் லெட்டரிங்கும், அதாவது பலூன்களையும் வசன எழுத்துகளையும் படத்தில் அமைப்பதையும் கற்கலாம். அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் செய்யும் வேலை அது. இந்தியாவிலிருந்தபடியே வெளிநாட்டு காமிக்ஸுக்கு அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கதையாவது காசு கொடுக்கும் இதழில் விற்ற பிறகு, டண்டீ பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் காமிக்ஸ் முதுகலையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே.

கதை விற்றதும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சிறுகதை இதழ்கள் பொதுவாக முதல் வெளியீட்டு உரிமையை ஒரு காலத்துக்கு வாங்கும், கதை அவளிடமே இருக்கும். காமிக்ஸில் பாத்திரமும் கதையும் மொத்தமாகப் பதிப்பாளருக்கே போகும் ஒப்பந்தங்கள் அதிகம். நாலு பக்கக் கதைக்கு அதில் கையெழுத்துப் போடலாம். அவள் வருடக்கணக்கில் வளர்த்த கதாபாத்திரத்தை மட்டும் அதற்குள் நுழைக்க வேண்டாம்.