முதலில் வந்த குதிரைக்கு 17ஆவது இடமா?

கேள்வி: அமெரிக்காவின் 2019 கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் முதலில் வந்த மேக்சிமம் செக்யூரிட்டியை 17ஆவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்களே, அன்று வேகமான குதிரை அதுதானே?

பதில்: அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கடைசி வளைவில் அது வெளிப்பக்கம் விலகி வார் ஆஃப் வில் என்ற குதிரையின் பாதையை மறித்தது, அந்தத் தடுமாற்றம் பக்கத்தில் ஓடிய லாங் ரேஞ்ச் டாடி என்ற குதிரை வரை போனது, கால் பின்னி ஒரு குதிரையும் விழாமல் தப்பியதே பெரிய விஷயம். நடுவர்கள் சுமார் 22 நிமிடம் வீடியோவைப் பார்த்தார்கள். அமெரிக்க வழக்கப்படி மறித்த குதிரையை, அதனால் பாதிக்கப்பட்ட குதிரைக்குப் பின்னால் வைப்பார்கள். லாங் ரேஞ்ச் டாடி ரொம்பப் பின்தங்கி வந்ததால் இதுவும் அவ்வளவு கீழே போனது. இரண்டாவதாக வந்த, பந்தயக் கணக்கில் 65க்கு 1 என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்காத கன்ட்ரி ஹவுஸுக்கு அடித்தது யோகம், வெற்றி அதற்குப் போனது!

பிரிட்டனில் வேறு கணக்கு. மறிக்காமல் இருந்திருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை மறித்த குதிரையை முந்தியிருக்குமா என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்காது, ஜாக்கிக்கு (குதிரையை ஓட்டியவருக்கு) மட்டும் தண்டனை என்பது என் கணிப்பு. எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். மேக்சிமம் செக்யூரிட்டியின் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. எனக்குக் கோபம் வேறு விஷயத்தில்: நடுவர்கள் அன்று அறிக்கையை வாசித்துவிட்டு ஒரு கேள்விகூட வாங்காமல் போய்விட்டார்கள்.