வாசகர் கேள்வி – பதில்: 2147483647-ஐ வகுத்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: 2147483647 ஒரு பகா எண் என்று கணிதமேதை ஆய்லர் 1772-ல் அறிவித்ததாகப் படித்தேன். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி உறுதி செய்தார்?

பதில்: வகுத்துப் பார்த்துத்தான். ஆனால் எவற்றால் வகுக்கவே தேவையில்லை என்பதை முதலில் கண்டுகொண்டார். இந்த எண் 2³¹ − 1. இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை 4,792 பகா எண்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இதை வகுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வகுத்தியால் 2³¹-ஐ வகுத்தால் மீதி 1. 31 பகா எண் என்பதால் அதற்குக் குறைந்த எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, 2-ன் அடுக்கில் ‘வகுத்தி − 1’-ஐ வைத்து, அதே வகுத்தியால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே, வகுத்தியில் ஒன்றைக் கழித்தால் 31-ஆல் வகுபட வேண்டும். அப்படிக் கழித்தது இரட்டைப்படை எண், எனவே 62-ஆலும் வகுபடும்.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³² என்பது 2¹⁶-ன் வர்க்கம். அதை அதே வகுத்தியால் வகுத்தால் மீதி 2. ஒரு வர்க்கத்துக்கு மீதியாக 2 வர வேண்டுமானால், வகுத்தியை 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும். இரண்டு சல்லடையிலும் சலித்தால், 248-ன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்கள் மட்டுமே தங்கும். 46,340-க்குள் அவை 373. பகா எண்களை மட்டும் எடுத்தால் நூறுகூடத் தேறாது. 63, 249 இரண்டும் பகு எண்கள் என்பதால், முதலில் வகுக்க வேண்டியது 311. மீதி 35. இப்படியே கடைசிவரை போனாலும் எதுவும் மீதியின்றி வகுக்காது. பார்வை ஏறக்குறைய முழுதும் போன நிலையில் ஆய்லர் எட்டிய முடிவு இது!

கேள்வி: 2-ன் அடுக்கில் 1 கழித்த எண் பகா எண்தானா என்று பார்க்கும் லூக்கா–லெமர் சோதனையை, 2147483647-க்கு எக்செல்லில் போட்டேன். பூஜ்யம் வரவில்லையே?

பதில்: முறையில் தப்பில்லை, எக்செல்லுக்கு இலக்கங்கள் போதவில்லை. 4-ல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுக்கிறீர்கள். 4, 14, 194, 37634, 1416317954 வரை சரியாகவே வரும். அடுத்த வர்க்கம் 19 இலக்கம். எக்செல் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், கடைசி நான்கு போய்விடும். மீதியைத் தீர்மானிப்பதில் அந்த நான்குக்கும் பங்குண்டு. பைத்தானில் போடுங்கள், அங்கே முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லை. அடுத்த உறுப்பு 669670838 என்று வந்தால் சரியான பாதைதான். மொத்தம் 29 சுற்று, முடிவில் 0. அப்படி 0 வந்தால் பகா எண். அதற்கு முன் 127-க்கு (2⁷ − 1) கையாலேயே போட்டுப் பழகுங்கள்: 4, 14, 67, 42, 111, 0.

கேள்வி: அடுக்கில் பகா எண் இருந்தாலே போதுமா? 2-ன் அடுக்கில் 2147483647-ஐயே வைத்து 1 கழித்தால்?

பதில்: போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. நீங்கள் கேட்கும் ராட்சத எண்ணும் பகு எண்தான். 295257526626031 அதை மீதியின்றி வகுக்கும். 2147483647-ஐ 1,37,490-ஆல் பெருக்கி 1 கூட்டிப் பாருங்கள், இதே வகுத்தி வரும். ஆய்லர் சலித்த அதே முதல் சல்லடை.