பழைய வேக்போர்டு படகு வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

நான் டெக்சாஸில் ஆஸ்டின்வாசி. லேக் ஆஸ்டினிலும் லேக் டிராவிஸிலும் பன்னிரண்டு கோடைகளாக வேக்போர்டு படகு ஓட்டுகிறேன், அதாவது பலகையில் நின்று கயிறு பிடித்து அலையில் சறுக்குகிறவரை இழுத்துப் போகும் படகு. என் பெயரில் இதுவரை மூன்று படகுகள். நண்பர்களுக்காகப் போய்ப் பார்த்துக் கொடுத்தது முப்பதுக்கும் மேல் இருக்கும். வந்த கேள்விகளை அப்படியே போட்டு, தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கேள்விக்கும் பதில் கடைசியில் தண்ணீரில்தான் போய் நிற்கும். தண்ணீர் இருக்கக் கூடாத இடத்தில் இருந்ததா, இருந்தால் அதன் தடம் எங்கே? பழைய படகில் நான் தேடுவது அதைத்தான்.

கேள்வி (டல்லாஸ்): அண்ணா, சனிக்கிழமை ஒரு 2012 மாடல் வி-டிரைவ் (இன்ஜின் பின்பக்கம் இருக்கும்) படகு பார்க்கப் போகிறேன். 640 மணி நேரம் ஓடியிருக்கிறது. பழைய கார் வாங்கிய அனுபவம் உண்டு, படகு இதுதான் முதல் தடவை. போனவுடன் எதைப் பார்ப்பது?

பதில்: தம்பி, ஸ்டார்ட் பண்ணச் சொல்வதற்கு முன்னால் இன்ஜின் மூடியைத் திறந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜின் பக்கவாட்டில் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) உள்ளங்கையை வையுங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போதுதான் அதன் நோய் தெரியும். அதை மறைக்க விரும்புகிறவர்தான் அப்படிச் செய்வார் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் குளிர்ந்த ஸ்டார்ட்டைப் பார்க்காமல் பணம் பேசாதீர்கள்.

அடுத்தது பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் உலோக உடல். இந்தப் படகுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது கார், டிரக்கில் வருகிற அதே வி8 இன்ஜின்தான், படகுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருப்பார்கள். பலவற்றில் ஏரித் தண்ணீரே நேராக பிளாக்குக்குள் ஓடி அதைக் குளிர வைக்கும். குளிர்காலத்துக்கு முன் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க உறைந்து கிடந்தது நினைவிருக்கும். இங்கே குளிர் வராது என்ற நம்பிக்கையில் படகை அப்படியே நிறுத்தி வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். அதனால் டெக்சாஸ் படகு என்றால், அந்த வாரம் இது எங்கே நின்றது, தண்ணீர் வடித்திருந்ததா என்று நேராகவே கேளுங்கள்.

விரிசல் பெரும்பாலும் மேனிஃபோல்டுக்குக் கீழே, பிளாக்கின் பக்கவாட்டில் படுக்கை வாக்கில் ஓடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். துருக் கோடு, எபாக்ஸி பூசிய தழும்பு, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் – இதில் எது இருந்தாலும் கிளம்பி வந்துவிடுங்கள். என் முதல் படகில் அந்தப் புதுப் பெயிண்ட் இருந்தது. சுத்தமாக வைத்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டு வாங்கினேன். மூன்றாவது வாரம் டிப்ஸ்டிக்கை உருவினேன், ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தது, விரிசல் வழியாகத் தண்ணீர் கலந்திருந்தது. இன்ஜினையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கோடை முழுக்க என் பிள்ளைகள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அதனால் ஆயிலை இரண்டு தடவை பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு தடவை, ஏரியில் அரை மணி நேரம் ஓட்டித் திரும்பியதும் ஒரு தடவை. கம்ப்ரெஷன் டெஸ்ட்டுக்கு (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனை) ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

கேள்வி (ஹூஸ்டன்): 2006 மாடல், வெறும் 120 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்கிறார். லக் அடித்ததா?

பதில்: எனக்கு அது பயம். வருடத்துக்கு 50 முதல் 100 மணி நேரம் ஓடுவதுதான் சாதாரணமான உபயோகம். இத்தனை வருடத்தில் 120 மணி என்றால் படகு ஓடியதைவிடக் கிடந்ததுதான் அதிகம். ரப்பர் ஹோஸ் காய்ந்திருக்கும், பெட்ரோல் கெட்டிருக்கும், இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) ஒரே நிலையில் மடங்கிக் கிடந்து விறைத்திருக்கும். 700 மணி ஓடி, வருடா வருடம் ஆயில் மாற்றிய ரசீது வைத்திருப்பவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் நான் அவரிடம்தான் போவேன். டாஷ்போர்டு மீட்டரையும் அப்படியே நம்பாதீர்கள். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினாக இருந்தால் அதன் கம்ப்யூட்டரும் மணிக் கணக்கு வைத்திருக்கும், மெக்கானிக் கருவியை மாட்டிப் படித்துச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி (அட்லாண்டா): லேக் லேனியரில் ஓட்டப் போகிறோம். எந்த பிராண்ட் வாங்கலாம்? டைரக்ட் டிரைவா, வி-டிரைவா? பக்கத்து வீட்டுக்காரர் அவுட்போர்டே போதும் என்கிறார்.

பதில்: வேக்போர்டு, அதுவும் பிள்ளைகள் சர்ஃப் செய்ய (கயிற்றை விட்டுவிட்டுப் படகின் அலையிலேயே சறுக்க) ஆசைப்பட்டால், வி-டிரைவ். இன்ஜின் பின்னால் திரும்பி உட்கார்ந்திருக்கும். எடை பின்பக்கம் இருப்பதால் அலை உயரும், நடுவில் உட்கார இடமும் கிடைக்கும். டைரக்ட் டிரைவ், அதாவது இன்ஜின் நடுவில் இருப்பது, தண்ணீரில் ஸ்கீ செய்கிறவர்களுக்கு. அவர்களுக்கு அலை தட்டையாக இருக்க வேண்டும். அவுட்போர்டு (பின்னால் வெளியே மாட்டிய இன்ஜின்), வழக்கமான ஸ்டெர்ன் டிரைவ் (இன்ஜின் உள்ளே, ப்ரொப்பெல்லர் பகுதி பின்னால் வெளியே) படகுகளின் பின்னால் சர்ஃப் செய்யவே கூடாது. ப்ரொப்பெல்லர் படகுக்குப் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும், சர்ஃப் செய்கிறவர் அதற்குச் சில அடி தூரத்தில் விழுவார். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

பிராண்ட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் இல்லை. மாஸ்டர்கிராஃப்ட், நாட்டிக், மாலிபு மூன்றும் விலை குறையாது. மூம்பா, ஆக்ஸிஸ் கொஞ்சம் சிக்கனம், அடிப்படை நல்ல அடிப்படைதான். டீஜே (Tigé) என்ற பிராண்ட் எங்கள் டெக்சாஸ் அபிலீனில் செய்வது. 2013 வாக்கில்தான் அலையை ஒரு பட்டனில் இடம், வலம் மாற்றும் சர்ஃப் சிஸ்டங்கள் பரவலாக வந்தன. அதற்கு முந்தைய படகில் எடையை ஒரு பக்கமாக ஏற்றி, படகைச் சாய்த்துத்தான் அலை எடுக்க வேண்டும். அதனாலேயே அவை மலிவு. உங்கள் வீட்டில் சர்ஃப் பெரிதில்லை என்றால் அந்தப் பழைய மாடல்களில் நல்ல பேரம் கிடைக்கும்.

கேள்வி (டொரோண்டோ): அண்ணை, நான் சிம்கோ ஏரிப் பக்கம் ஒரு போட் பாத்து வச்சிருக்கிறன். இங்க குளிர் என்னண்டு தெரியும்தானே. குளிர் ஊர் போட் வாங்கிறது பிழையோ?

பதில்: பிழையே இல்லை தம்பி, ஒரு விதத்தில் அது நல்லது. உங்கள் ஊரில் குளிர் நிச்சயம் வரும் என்பதால் யாரும் மறப்பதில்லை, இலையுதிர் காலத்திலேயே தண்ணீரை வடித்து ஆன்டிஃப்ரீஸ் ஊற்றிவிடுகிறார்கள். மறந்துபோவது எங்களைப் போன்ற சூட்டு ஊர்க்காரர்கள். ஆனால் யார் வடித்தது என்று கேளுங்கள். பட்டறையில் செய்திருந்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் பில் இருக்கும். 'நானே செய்தேன்' என்றால் எந்தெந்த பிளக்கைக் கழற்றினீர்கள் என்று கேளுங்கள். பிளாக்கின் இரண்டு பக்கம், மேனிஃபோல்டுகள், ஹோஸ்கள், பாலஸ்ட் (அலை உயர எடைக்காக ஏரித் தண்ணீர் நிரப்பும் டேங்க்) பம்புகள், ஹீட்டர், ஷவர் லைன் என்று ஒரே மூச்சில் சொல்கிறவரை நம்பலாம். ஹீட்டரைப் பலர் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. கனடாவில் படகுக்குக் கொடுக்கிற ப்ளெஷர் கிராஃப்ட் லைசென்ஸ் உடைமைப் பத்திரம் ஆகாது. விற்பனைப் பத்திரம் எழுதி வாங்குங்கள், கடன் பாக்கி உண்டா என்று மாகாணப் பதிவில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: சார், எனக்கு எட்டு வயதிலும் பதினோரு வயதிலும் பிள்ளைகள். படகில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து என்று படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. வாங்கும்போதே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: இதை நீங்கள் கேட்டதற்கு நன்றி அம்மா. படகு பார்க்கப் போகிறவர்கள் பலர் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்பார்கள், இதைக் கேட்க மாட்டார்கள்.

இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. படகு நின்றபடி ஓடும்போதும் மெதுவாகப் போகும்போதும் பின்புற மேடையைச் சுற்றித்தான் அது சேரும். பிள்ளைகளுக்கும் கால் தொங்கப் போட்டு உட்கார ஆசையான இடம் அதுதான். ஓடும் படகின் பின்மேடையைப் பிடித்துக்கொண்டு இழுபட்டுப் போவதில் உயிர்கள் போனதால் கலிஃபோர்னியா 2004-ல் அதைத் தடுத்துச் சட்டமே கொண்டுவந்தது.

பார்க்க வேண்டியது இது. இன்ஜின் ஓடும்போது மூடியைத் திறந்து எக்ஸாஸ்ட் ஹோஸ்களைத் தொடர்ந்து கடைசிவரை பாருங்கள். கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா, இணைப்பில் கரிக் கோடு இருக்கிறதா? புளோயரை (இன்ஜின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறி) போட்டு வெளியே காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். படகுக்கென்று செய்த கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் ஒன்றை முதல் நாளே மாட்டுங்கள். இன்ஜின் ஓடினால் பின்மேடையில் யாரும் இல்லை என்ற விதியை வீட்டுக்குள்ளேயே பழக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் சின்னவள்தான் சாவியைத் திருப்புவதற்கு முன் 'பின்னாடி யாருமில்லை' என்று சத்தம் போடுவாள்.

கேள்வி (லாஸ் வேகாஸ்): பாலஸ்ட் டேங்க் எப்படிச் சோதிப்பது?

பதில்: ஏரியில் எல்லா டேங்கையும் நிரப்பச் சொல்லுங்கள், பிறகு காலி செய்யச் சொல்லுங்கள். 100 கேலன் தண்ணீர் 830 பவுண்ட் எடை. நாலைந்து பேர் ஏறி உட்கார்ந்த மாதிரி படகு அமிழ்வது கண்ணுக்கே தெரியும். ஒரு பக்கம் மட்டும் தாமதமாக நிறைந்தால் பம்போ அதன் இம்பெல்லரோ போயிருக்கிறது. அது சின்னச் செலவு, விலையில் கழித்துக் கொள்ளலாம். சில படகுகளில் டேங்குக்குப் பதில் பை இருக்கும், அது ஓட்டையாகி பில்ஜுக்குள் (படகின் அடித்தளப் பள்ளம்) தண்ணீர் ஏறினால் பில்ஜ் பம்ப் தானாக ஓட ஆரம்பிக்கும், காது கொடுத்துக் கேளுங்கள்.

உங்கள் ஊர் லேக் மீட்டில் 2007-ல் குவாகா மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. பாலஸ்ட் டேங்க் முழுக்க வடியாது, சில லிட்டர் அடியில் தங்கும், அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத மட்டிக் குஞ்சுகள் வேறு ஏரிக்குப் பயணம் போகும். குளிரூட்டும் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டால் இன்ஜினும் சூடாகும். கடைசியாக எந்த ஏரியில் ஓடியது என்று கேட்டு, சுத்தம் செய்து நன்றாகக் காயவைத்த பிறகே உங்கள் ஏரியில் இறக்குங்கள்.

கேள்வி: 1989 படகு ஒன்று ரொம்ப மலிவாக வருகிறது. கைவேலை எனக்குப் பிடிக்கும். வாங்கலாமா?

பதில்: அந்தக் காலப் படகுகள் பலவற்றில் தரைக்குக் கீழே ஓடும் நீளச் சட்டங்கள் மரம், மேலே ஃபைபர் கிளாஸ் போர்வை. உள்ளே தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளப்பாகவும் உள்ளே அவலாகவும் இருக்கும். இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு லேசாக இறுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே போனால் மரம் உளுத்துவிட்டது. தரையில் குதிகாலை ஊன்றி நடங்கள். சட்டம் மாற்ற இன்ஜினைத் தூக்கி, தரையைப் பிய்க்க வேண்டும், ஒரு குளிர்காலமே போய்விடும். போல்ட் பிடித்தால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: டிரெய்லரும் பேப்பரும்?

பதில்: டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். பட்டை எவ்வளவு இருந்தாலும் ஆறு வயது தாண்டிய டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்.

படகின் பின்புறம் வலது மூலையில் 12 எழுத்து அடையாள எண் பதிந்திருக்கும். கடைசி நாலும் எச்516 என்று இருந்தால் 2015 ஆகஸ்டில் செய்த 2016 மாடல். ஏ ஜனவரி, அப்படியே எண்ணிக் கொள்ளுங்கள். டைட்டிலில் (உடைமைப் பத்திரம்) உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் வங்கிக் கிளையிலேயே வைத்துப் பணம் கொடுங்கள்.

கேள்வி (மறுபடியும் டல்லாஸ்): அண்ணா, போய்ப் பார்த்தேன். மேனிஃபோல்ட் சூடாகத்தான் இருந்தது. 'உங்கள் நேரம் வீணாகக் கூடாதென்று சூடேற்றி வைத்தேன்' என்றார். ஆயில் சுத்தமாக இருக்கிறது, துருக் கோடு எதுவும் தெரியவில்லை. ப்ரொப்பெல்லரை ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார். என்ன செய்ய?

பதில்: நல்லவராகவே இருக்கட்டும். ப்ரொப்பெல்லர் ஆட்டம் ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்ததால் இருக்கலாம், அது மாற்றக்கூடியதுதான். ஷாஃப்ட் வளைந்திருந்தால்தான் கவலை. கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள், ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் தளர்ந்தால் வளைவு. இன்ஜின் விஷயத்துக்கு இன்னொரு தடவை போய்த்தான் ஆக வேண்டும். ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறேன், அதுவரை சாவியைத் தொடாதீர்கள் என்று அவரிடமே சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் எனக்கும் ஃபோன் போடுங்கள், ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை நானும் கேட்கிறேன்.