பணமா, கருவியா?

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுத்தரும் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பதா, கருவிகள் வாங்கித் தருவதா?

பதில்: பணமாகவே கொடுங்கள். நன்கொடையாக வந்திறங்கும் பளபளப்பான ரோபோ கருவிப் பெட்டிகள், மோட்டாரின் ஒரு பல்சக்கரம் தேய்ந்ததுமே மாற்று வாங்க வழியின்றி அலமாரியில் முடங்கிவிடுவதுண்டு. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய, மாணவர்களுக்கு ரோபோ போட்டிகள் நடத்தும் ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பும் தன்னார்வ வழிகாட்டிகளைப் பெரிதும் நம்பியே இயங்குகிறது என்பதால், நேரமிருந்தால் அதையும் கொடுங்கள். தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பின்தொடர வேண்டிய ரோபோ வண்டி வளைவில் தடம் மாறும்போது, கோட்டைக் கண்டறியும் உணரியை (சென்சார்) தரைக்குச் சற்றே தாழ்த்திப் பார்க்கும் சிறுமியின் கையிலிருந்து திருப்புளியைப் பிடுங்காமல் இருப்பதுதான் வழிகாட்டியின் (எனக்கு இன்றும் கடினமான) வேலை. கொடுக்குமுன், எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி என்று கேளுங்கள். பத்துப் பேர் சூழ்ந்து நின்றால் இருவர்தான் தொடுவார்கள்.