சுளுக்கிய காலுக்கு இன்னும் ஓய்வு வேண்டுமா?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் படி இறங்கும்போது கால் மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கம் சுளுக்கிக்கொண்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. அன்றிலிருந்து அந்தக் காலை அழுத்தி ஊன்றவே இல்லை. வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் நடந்தால் வலிக்கிறது. மறுபடி மடங்கிவிடுமோ என்று பயம். இன்னும் எத்தனை நாள் ஓய்வெடுக்க வேண்டும்?

பதில்: ஓய்வு போதும். உங்கள் காலுக்கு இப்போது தேவை வேலை.

நீங்கள் செய்தது தவறு என்று வருந்தாதீர்கள். 1978-ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் ‘ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல்’ என்று எழுதியதைத்தான் எல்லோரும் பல காலம் சொல்லிவந்தோம். முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே எழுதினார். முதல் இரண்டு மூன்று நாள் காலுக்கு ஓய்வு கொடுப்பது சரி. அதற்குமேல் ஊன்றாமலே இருந்தால் கெண்டைக்கால் தசை மெலியும், மூட்டு இறுகிப்போகும். இப்போது உங்களுக்கு வரும் வலியில் ஒரு பங்கு இந்த இறுக்கத்தால் வருவதாகவே இருக்கும்.

அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. கால் உள்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்கத்துத் தசைநார் இழுபட்டுக் கிழிகிறது. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அந்த நாரில் இருக்கின்றன. அடிபட்டபின் அந்தச் சேதி சரியாகப் போகாததால், கால் சாயும்போது தசைகள் தாமதமாகவே பிடிக்கின்றன. ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வலி போனதும் பயிற்சியை நிறுத்திவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், இந்தச் சேதியைச் சரிசெய்யும் பாதி வேலையைத்தான் அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

உட்கார்ந்தபடி அடிபட்ட காலின் கட்டைவிரலால் காற்றில் எழுத்துகளை எழுதிப் பாருங்கள். அப்புறம் சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலைச் சுவரை நோக்கிக் கொண்டுபோங்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், பத்துப் பத்தாக. அது எளிதானதும் ஒற்றைக் காலில்.

எதை விட்டாலும் சமநிலைப் பயிற்சியை விடாதீர்கள். சுவரோரமாக, அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். முதலில் கால் நடுங்கும், அது பரவாயில்லை. ஆடாமல் நிற்க வந்தபின் கண்ணை மூடி நின்று பாருங்கள். தினமும் செய்யுங்கள், வலி போனபிறகும் சில வாரம் தொடருங்கள்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ வீக்கம் திரும்பினாலோ அளவைப் பாதியாக்குங்கள், ஆனால் நிறுத்த வேண்டாம்.

கெண்டைக்கால் வீங்கி, சூடாகி வலித்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நெடுநாள் அசையாத காலில் இரத்தம் உறைய வாய்ப்புண்டு. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. எலும்பை அழுத்தினால் சுரீரென்று வலித்தாலும், நாலு அடிகூட ஊன்றி வைக்க முடியாவிட்டாலும் மறுபடி காட்டிவிடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் இன்றைக்கே வீட்டுக்குள் ஐந்து நிமிடம், இரு கால்களிலும் சமமாக ஊன்றி நடக்கத் தொடங்குங்கள்.