லைக்ராவும் ஜேசிபியும்

ஐயா, வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். 'காட்டன் 95, லைக்ரா 5' என்று போட்ட லேபிளை வெளிநாட்டு பையர் ஏற்க மறுத்துவிட்டார். லைக்ரா ஆங்கில வார்த்தைதானே? கம்பெனி வைத்த பெயர் எப்போது ஆங்கிலமாகிறது? அதை யாருங்க முடிவு செய்கிறார்கள்?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பையர் சொன்னது சரிதான். லைக்ரா, இழுத்தால் நீளும் இழைக்கு ஒரு கம்பெனி வைத்த பெயர். இன்றும் அது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். வேறு கம்பெனி நூலுக்கு அதைப் போட முடியாது. அந்த இழையின் பொதுப்பெயரை, ஐரோப்பாவுக்கு எலாஸ்டேன், அமெரிக்காவுக்கு ஸ்பான்டெக்ஸ் என்று போடுங்கள். நிட்டிங்காரரிடம் லைக்ரா என்றே பேசிக்கொள்ளுங்கள், அவருக்கு மற்ற இரண்டும் புரியாது.

ஒரே இழைக்கு ஏன் இத்தனை பெயர்? 1938இல் நைலானை அறிவித்த டுபான்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி, அந்தப் பெயரைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டது. 1958இல் அங்கே ஜோசப் ஷிவர்ஸ் இழுத்தால் நீளும் இழையைக் கண்டுபிடித்தபோது ஏற்பாடு வேறு. இழைக்குப் பொதுவில் ஸ்பான்டெக்ஸ், தன் சரக்குக்கு மட்டும் லைக்ரா. திருப்பூர் முழுக்க எல்லா நூலையும் லைக்ரா என்று சொன்னாலும், சட்டத்தில் அது இன்றும் ஒரு கம்பெனியின் பெயராகவே நிற்கிறது, டுபான்ட் அதைக் கைமாற்றிவிட்ட பிறகும்.

இந்த முன்யோசனை இல்லாதவர்கள் பெயரைப் பறிகொடுத்தார்கள். எஸ்கலேட்டர், லிஃப்ட் செய்யும் ஓட்டிஸ் கம்பெனியின் பெயர். அவர்களே விளம்பரத்தில் எலிவேட்டர், எஸ்கலேட்டர் என்று இரண்டையும் பொதுப்பெயர்போல அடுத்தடுத்து எழுதிவந்தார்கள். 1950இல் அந்த விளம்பரமே அவர்களுக்கு எதிராகத் திரும்பி, உரிமை போனது. ஆஸ்பிரினுக்கு அமெரிக்காவில் 1921லேயே இந்தக் கதி. தலைவலிக்காரன் மருந்துக்கடையில் நின்று 'அசெட்டைல் சாலிசிலிக் ஆசிட்' என்றா கேட்பான்? ஜெர்மனி, கனடா போன்ற பல நாடுகளில் அது இன்னும் பேயர் என்ற மருந்துக் கம்பெனியின் பெயர்தான்.

யார் முடிவு செய்கிறார்கள் என்றால், முதலில் வாங்குகிறவர்கள்தான். பல்லடம் பக்கம் தோட்டத்துக்கு ஜேசிபி வரச்சொன்னால், எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் அது ஜேசிபிதான். இங்கிலாந்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆளின் முதலெழுத்துகள் அவை, ஆக்ஸ்போர்டு அகராதியிலும் ஏறிவிட்டன. கிரயம் முடிந்தபிறகு பட்டா மாற்றுகிற மாதிரி, அகராதி பின்னால்தான் வரும். கூகுள் 2006இல் வினைச்சொல்லாக அதில் சேர்ந்ததும் ஊரே அப்படிப் பேசிப் பழகிய பிறகுதான்.

ஆனால் அகராதியில் ஏறியதால் மட்டும் கம்பெனியின் உரிமை போய்விடாது. அதனால் அகராதியைக் காட்டி பையரிடம் வாதாடிப் பயனில்லை. அப்புறம், லேபிளை மாற்றும்போது அந்த 5 சதவீதம் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.