மிக்ஸரில் 12 சேனல், ரெக்கார்டரில் இரண்டே ட்ராக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மாடி அறையை ஸ்டூடியோவாக்கி வீட்டிலேயே கச்சேரி பதிவு செய்கிறோம். பாட்டு, வயலின், மிருதங்கத்தின் வலந்தலைக்கும் இடந்தலைக்கும் தனித்தனி மைக், கஞ்சிரா, மின் தம்புரா எல்லாம் 12 சேனல் மிக்ஸருக்குப் போகின்றன. ஒவ்வொரு ஒலியையும் தனித்தனி ட்ராக்கில் பதிய, இப்போது எட்டு இன்புட் உள்ள மல்டிட்ராக் ரெக்கார்டர் ஒன்று வாங்கினோம். மிக்ஸரின் மெயின் அவுட்டை அதில் செருகினால் எல்லாம் கலந்து இரண்டே ட்ராக்கில் பதிவாகிறது. டிஜிட்டல் மிக்ஸர் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம். மெயின் அவுட் என்பது எல்லாம் கலந்து முடிந்த பிறகு வெளியே வரும் வழி. குழம்பு கொதித்த பிறகு அதிலிருந்து புளியை மட்டும் எடுக்க முடியாது. கலப்பதற்கு முன்பே ஒவ்வொன்றையும் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். அதற்கான வழி உங்கள் மிக்ஸரிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. ரெக்கார்டரின் எட்டு இன்புட்டும் மைக்கை நேரடியாக ஏற்குமா? டாஸ்காம் டிபி-24எஸ்டி, ஜூம் ஆர்16 போன்றவை ஏற்கும். ஒரே நேரத்தில் எட்டு ட்ராக் பதிவு செய்யும். உங்களுடையதும் அப்படி என்றால் மைக்குகளை ரெக்கார்டரிலேயே செருகிவிட்டு, மிக்ஸரை ஹெட்போனில் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இதுதான் சுத்தமான வழி. கண்டென்ஸர் மைக் இருந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அதற்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரம் சில ரெக்கார்டர்களில் எல்லா இன்புட்டுக்கும் போகாது.

மிக்ஸர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், மைக் சேனல்களுக்குப் பக்கத்தில் 'இன்ஸர்ட்' என்று எழுதிய துளை இருக்கிறதா பாருங்கள். இந்த அளவு மிக்ஸர்கள் பலவற்றில் முதல் நான்கு சேனலுக்காவது இருக்கும். கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) மாட்டுவதற்காக வைத்தது அது. ஒரே துளையில் ஒலி வெளியே போய்த் திரும்பி வரும். நமக்கு வெளியே போகும் பாதி போதும்.

சாதாரண மோனோ பின்னை (கடையில் பி-38 என்று கேளுங்கள்) அந்தத் துளையில் முதல் 'க்ளிக்' வரை மட்டும் செருகினால் ஒலி ரெக்கார்டருக்கும் போகும், மிக்ஸரிலும் தொடரும். முழுக்க அழுத்திவிட்டால் பதிவு ஆகிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பாடகரின் ஹெட்போனில் அவர் குரலே காணாமல் போகும். ஏதோ பழுதென்று பயந்துவிடுவார்கள். பாதி மட்டும் செருகிய மோனோ பின், கால் பட்டாலே நழுவும் என்பதால், இதற்கென்று ஒரு கேபிள் செய்துகொள்வது நல்லது. ஒரு முனையில் ஸ்டீரியோ பின் போட்டு அதன் நுனியையும் நடு வளையத்தையும் ஒன்றாகச் சேர்த்து சால்டர் செய்யச் சொல்லுங்கள். மறுமுனையில் மோனோ பின். இதை முழுக்கவே செருகலாம். சால்டரிங் தெரிந்த யாரும் செய்து தருவார்கள். சென்னைக்கு வந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பின்னும் ஒயரும் தனித்தனியாகவே கிடைக்கும்.

சரி, கணக்குப் போடுவோம். பாட்டு, வயலின், வலந்தலை, இடந்தலை நான்கும் இன்ஸர்ட் வழியாக ட்ராக் 1 முதல் 4 வரை. கஞ்சிராவையும் தம்புராவையும் மெயினிலிருந்து விலக்கி 'குரூப்' (தனி அவுட் உள்ள இன்னொரு வழி) பக்கம் திருப்புங்கள். சில மிக்ஸர்களில் அது 'ஆல்ட் 3-4' என்றிருக்கும். மியூட் பட்டனை அழுத்தினால் சேனல் அங்கே போய்விடும். ஒலியை இடம் வலமாகத் தள்ளும் 'பேன்' குமிழ் கஞ்சிராவுக்கு முழுக்க இடது, தம்புராவுக்கு முழுக்க வலது. குரூப்பின் இரண்டு அவுட்டும் ட்ராக் 5, 6. மீதி 7, 8-இல் மெயின் அவுட்டையே போடுங்கள். கஞ்சிராவும் தம்புராவும் அதில் இருக்காது. ஆனாலும் அன்றைக்கே பாடகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு கரடுமுரடான மிக்ஸ் தயார்.

இன்ஸர்ட்டில் வரும் ஒலி பெரும்பாலும் ஃபேடருக்கும் (சேனலின் ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளுகோல்) ஈக்யூவுக்கும் (பாஸ், ட்ரெபிள் மாற்றும் குமிழ்கள்) முன்னால் எடுக்கப்படுவது. ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் பதிவு மாறாது, மேலே உள்ள கெயின் (உள்ளே வரும் ஒலியைக் கூட்டும் குமிழ்) தான் எல்லாம். ரெக்கார்டர் மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். மிருதங்கத்தில் திடீரென்று ஒரு சாப்பு விழும், அதற்கு இடம் வேண்டும். ரெக்கார்டர் இன்புட்டை 'லைன்' என்று மாற்றிவிட்டு, மிக்ஸர் அவுட் வந்து சேரும் இன்புட்களில் 48 வோல்ட்டை அணைத்துவிடுங்கள்.

பதிவானதைக் கேட்க ரெக்கார்டரின் அவுட்டை மிக்ஸருக்குத் திருப்பும்போது '2-ட்ராக் இன்' அல்லது 'டேப் இன்' துளையில் கொடுங்கள், அதையும் ஹெட்போனுக்கு மட்டும் அனுப்புங்கள். மெயினுக்கோ குரூப்புக்கோ போனால் போன ஒலியே மறுபடி ரெக்கார்டருக்குள் வந்து, சுற்றிச் சுற்றிக் கூவ ஆரம்பிக்கும்.

இன்ஸர்ட்டும் இல்லை, குரூப்பும் இல்லை, ரெக்கார்டரும் மைக்கை ஏற்காது என்றால்தான் கடைக்காரர் சொல்வதை யோசிக்க வேண்டும்.

கேள்வி: '12 சேனல் யூஎஸ்பி மிக்ஸர்' வாங்கினால் கம்ப்யூட்டரில் 12 ட்ராக் கிடைக்குமா?
(வாசகி, மதுரை)

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. 12 என்பது உள்ளே போகும் வழிகளின் எண்ணிக்கை. யூஎஸ்பி வழியாக வெளியே வருவது அநேகமாக இரண்டுதான். விவரப் பட்டியலில் '2 இன் / 2 அவுட்' என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12-க்கும் சிக்னேச்சர் 12 எம்டிகே-வுக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாது. முதலாவது இரண்டு ட்ராக்தான் தரும், பின்னதில்தான் சேனல்கள் தனித்தனியாகப் போகும். பெரிங்கரில் எக்ஸ்ஆர்16, பென் டிரைவில் ஸ்டீரியோவாக மட்டுமே பதியும். எக்ஸ்ஆர்18-தான் கம்ப்யூட்டருக்கு 18 ட்ராக் அனுப்பும். பெயரில் இரண்டுதான் கூடுதல் என்று நினைத்து முன்னதை வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.

கேள்வி: ஆன்லைனில் 'மல்டிட்ராக் ரெக்கார்டிங்' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன், இரண்டு ட்ராக்தான் வருகிறது. பழுதில்லையே என்று திருப்பி வாங்க மறுக்கிறார்கள்.
(வாசகர், ஈரோடு)

பதில்: பழுது இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றாலே விற்பவர் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் இதற்கெல்லாம் முன்பு, இன்றைக்கே அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். புகார் போன மறுநாளே பக்கத்தில் வாசகம் மாறிவிடலாம்.